கேரம் பவுடரைக் கண்டால் நெருப்புக்கே பயமாமே! தெரியுமா?

ஒரு மெழுகுவர்த்தி. ஓர் இடுக்கி. தாத்தாவின் பழைய வேட்டியிலிருந்து கத்தரித்த ஏழு துண்டுகள். பக்கத்தில் ஒரு வாளி நிறையத் தண்ணீர். ரவாங்கில் ஒரு தாமான் வீட்டின் பின்பக்கம், பள்ளி விடுமுறை நாளில் இவ்வளவும் எதற்கு?

அறிவியல் விழாவுக்கு! நடத்தியது என் அண்ணன் மகள், ஐந்தாம் ஆண்டு மாணவி. கேள்வி ஒன்றே ஒன்றுதான்: வீட்டில் இருக்கும் எந்தப் பொருள் துணியைத் தீயிலிருந்து காப்பாற்றும்?

ஒரு துண்டு வெறும் துணி. மற்ற ஆறும் முந்தின நாளே ஆளுக்கொரு கரைசலில் ஊறி, கொடியில் காய்ந்து, மொறமொறவென்று நின்றன. உப்பு, சீனி, வினிகர், சமையல் சோடா, படிகாரம், வெண்காரம். எல்லாத் துண்டும் ஒரே நீளம், ஒரே அகலம். ஊறியதும் ஒரே நேரம். மாறி, கருதுகோள் எல்லாம் நோட்டில் கோடு போட்டு எழுதியாயிற்று. நன்றாகக் காய்ந்தால்தான் கணக்கு! ஈரத்தோடு கொளுத்தினால் ஆறுமே ஜெயித்துவிடும், பரிசு தண்ணீருக்குத்தான் போகும்.

வெறும் துணி? ஒரே பாய்ச்சல்! சுடர் கண்மூடித் திறப்பதற்குள் இடுக்கி வரை ஏறிவிட்டது. வினிகர்த் துண்டும் அதே கதை. காயும்போதே வினிகர் காற்றோடு போய்விட்டதே, காவலுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? சீனித் துண்டு மிட்டாய்க் கடை வாசனையோடு எரிந்தது. உப்புத் துண்டு கொஞ்சம் தயங்கியது, மஞ்சளாக ஒரு சுடர் விட்டது, பிறகு அதுவும் போயிற்று. சோடாத் துண்டில் தீ தள்ளாடியது. படிகாரத் துண்டு கருகியதே தவிர, சுடர் மேலே ஏறவில்லை. கடைசியாக வெண்காரம். சுடரில் பிடித்தாள். கறுத்தது. மெழுகுவர்த்தியிலிருந்து விலக்கினாள். தீ பட்டென்று காணாமல் போனது!

"அத்தை, எரிய மாட்டேங்குது! நான் ஒண்ணுமே பண்ணல!"

அன்றைக்குப் பிடித்த ஆச்சரியம் எனக்கு இன்னும் விடவில்லை. தேடத் தேட வந்துகொண்டே இருக்கிறது. நீங்களும் கேளுங்கள்!

கல்லுக்குள் ஈரம்!

பிரிக்ஃபீல்ட்ஸ் முடிதிருத்தும் கடைகளில் சவரம் முடிந்ததும் கன்னத்தில் ஒரு வெள்ளைக் கல்லைத் தேய்ப்பார்களே, அதுதான் படிகாரம். தொட்டுப் பாருங்கள், பாறைபோல் உலர்ந்திருக்கும். ஆனால் 100 கிராம் படிகாரத்தில் 45 கிராமுக்கு மேல் வெறும் தண்ணீர் என்றால் நம்புவீர்களா? ஒவ்வொரு மூலக்கூறும் 12 தண்ணீர் மூலக்கூறுகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறது! வெண்காரம் இன்னும் மேலே: 100 கிராமில் 47 கிராம் தண்ணீர்! கல்லுக்குள் ஈரம் என்று சும்மாவா சொன்னார்கள்?

சூடு பட்டதும் இந்தத் தண்ணீர் ஆவியாகக் கிளம்பும். தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேலே வேண்டும் அதை முழுக்க ஆவியாக்க! அவ்வளவு வெப்பத்தையும் யாரிடமிருந்து பிடுங்குகிறது? தீயிடமிருந்துதான்!

அண்ணாந்து பாருங்கள்!

உங்கள் வீட்டு பிளாஸ்டர் சிலிங் எதனால் ஆனது தெரியுமா? ஜிப்சம். அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர்! ஒரு சதுர மீட்டர் பலகையில் ஒரு லிட்டருக்கும் மேல் ஒளிந்திருக்கிறது. தலைக்கு மேலே அத்தனை தண்ணீரை வைத்துக்கொண்டுதான் தினமும் தூங்குகிறோம்!

கேரம் பலகையின் ரகசியம்

காய் வழுக்கிக்கொண்டு ஓட வெள்ளைப் பவுடர் தூவுவோமே, அது என்ன? பல டப்பாக்களில் இருப்பது போரிக் அமிலம். இது சூட்டில் என்ன செய்யும் தெரியுமா? உருகி, நூலின் மேல் கண்ணாடிப் பூச்சாகப் படிந்துவிடும்! காற்று உள்ளே போக வழியில்லை, எரியும் வாயு வெளியே வர வழியில்லை. வெண்காரம் 7 பங்கு, போரிக் அமிலம் 3 பங்கு என்று கலந்து துணிக்கும் மேடைத் திரைக்கும் பூசுவது பழைய கைவைத்தியம். வெண்காரம் சுடரை அடக்கும், போரிக் அமிலம் அணைந்தபின் கனன்று பரவும் கங்கை அடக்கும். இருவரும் சேர்ந்தால்தான் ஆட்டம் முடியும்!

ஒரு எச்சரிக்கை! இதே போரிக் அமிலத்தை உணவில் சேர்க்க மலேசியாவில் தடை. மஞ்சள் மீயிலும் மீன் உருண்டையிலும் சேர்க்கிறார்களா என்று அதிகாரிகள் தேடிப் பிடிப்பது இதைத்தான். கேரம் ஆடிவிட்டுக் கை கழுவாமல் வடை எடுப்பவர்களுக்கு இது போதும் என்று நினைக்கிறேன்!

ஆட்டின் முதுகில் வந்த அதிசயம்

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் எந்த நகைப் பட்டறையில் வேண்டுமானாலும் பத்தரிடம் கேளுங்கள், வெண்காரம் இல்லாமல் பற்றவைப்பு இல்லை என்பார். பொடி வைத்து ஊதுவது என்கிறோமே, அந்தப் பேச்சே பட்டறையிலிருந்து வந்ததுதான்! ஆனால் அந்த வெண்காரம் ஒரு காலத்தில் எப்படி வந்தது தெரியுமா? திபெத்தின் ஏரிக் கரைகளில் அள்ளி, சின்னச் சின்னப் பைகளில் கட்டி, செம்மறியாடுகளின் முதுகில் ஏற்றி இமயமலையைத் தாண்டி! லாரி இல்லை, மாடு இல்லை, ஆடு! ஐரோப்பா வரைக்கும் போன சரக்கு அது.

கி.மு. 86-இல் ஒரு தமிழ்ப்பள்ளிச் சோதனை!

ஆமாம், கிட்டத்தட்ட அதேதான்! ரோமானியத் தளபதி சுல்லா, கிரேக்கத் துறைமுகமான பிரேயஸை முற்றுகையிட்டான். எதிரில் ஒரு மரக் கோபுரம். கொளுத்தினான், பற்றவில்லை! மறுபடி கொளுத்தினான், மறுபடியும் பற்றவில்லை! எதிரணித் தளபதி ஆர்க்கெலாவுஸ் மரம் முழுக்கப் படிகாரம் பூசி வைத்திருந்தானாம். ஆலுஸ் கெல்லியுஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் இதைக் குறித்து வைத்திருக்கிறார். 2,100 ஆண்டுக்கு முந்தைய போர்த் தந்திரம், இன்றைக்கு ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையின் நோட்டில்!

வானத்தில் பறந்த ஆடு, வாத்து, சேவல்!

1783 செப்டம்பர் 19. பிரான்ஸ் நாட்டின் வெர்சாய் அரண்மனை. அரசரே வேடிக்கை பார்க்க, மோங்கோல்ஃபியே சகோதரர்களின் வெப்பக்காற்று பலூன் மேலே எழும்புகிறது. பயணிகள் யார் தெரியுமா? ஓர் ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல்! சுமார் 8 நிமிடம் பறந்து, 3 கிலோமீட்டர் தாண்டி, பத்திரமாக இறங்கின. துணியும் காகிதமும் சேர்ந்த பலூன், அடியில் புகையும் நெருப்பு. எப்படித் தீப்பிடிக்கவில்லை? மேலே பூசியிருந்தது... சொல்லுங்கள் பார்ப்போம்... படிகாரம்!

இதற்கும் முன்னாலேயே, 1735-இல், ஒபதையா வைல்டு என்ற ஆங்கிலேயர் இதற்குக் காப்புரிமையே வாங்கிவிட்டார். அவர் கலவையில் இருந்தவை: படிகாரம், வெண்காரம், அன்னபேதி. மூன்றும் நம் நாட்டு மருந்துக்கடைச் சரக்கு!

1821-இல் வந்தது அடுத்த பாய்ச்சல். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நாடகம் போட்டால் திரைச்சீலை பற்றாமல் என்ன செய்யும்? பதினெட்டாம் லூயி மன்னருக்காகக் கே-லூசாக் என்ற வேதியியல் மேதை சோதித்துச் சொன்ன பொருள்களில் முக்கியமானது அம்மோனியம் பாஸ்பேட். இன்றைக்கு உங்கள் அலுவலகச் சுவரில் தொங்கும் சிவப்புத் தீயணைப்பானைப் பாருங்கள். உலர் பொடி வகையாக இருந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே குடும்பத்துப் பொடிதான்! காட்டுத்தீயின்மேல் விமானங்கள் கொட்டும் சிவப்புக் குழம்பிலும் அதே பாஸ்பேட்! சிவப்பு எதற்கு? எங்கே கொட்டினோம் என்று மேலிருந்து தெரிவதற்கு, அவ்வளவுதான்!

எரியவிடாமல் செய்யும் மருந்து எதில் இருக்கிறது தெரியுமா?

தீக்குச்சியில்! சிரிக்காதீர்கள், உண்மை! தீக்குச்சி மரத்தை அம்மோனியம் பாஸ்பேட் கரைசலில் முக்கி எடுக்கிறார்கள். ஊதி அணைத்த பிறகும் குச்சி கங்காகக் கனன்றால் குப்பைத்தொட்டி பற்றிவிடுமே, அதற்காக! அடுத்த முறை விளக்கேற்றும்போது பாருங்கள்: ஊதியதும் குச்சி கறுத்து நிற்கும், கனலாது. அதே குச்சியில் நன்றாக எரிவதற்கு மெழுகும் இருக்கிறது. எரியவும் மருந்து, எரியாமல் இருக்கவும் மருந்து, இரண்டும் ஒரே குச்சியில்! 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்று வந்த தொழில் இவ்வளவு நுணுக்கமானது.

ஈயமும் ஒரு தீயணைப்பு வீரர்!

ரவாங்கில் ஈயக்குட்டை பார்க்காத ஆள் உண்டா? ஊர் வளர்ந்ததே வெள்ளீயத்தால்தானே! அந்த ஈயம் குழந்தைகளின் சட்டைக்குக் காவல் நின்றது தெரியுமா?

இங்கிலாந்தில் ஃபிளானலெட் என்ற பஞ்சுபோன்ற பருத்தித் துணி மலிவாகக் கிடைத்தது. குளிருக்கு இதம். ஆனால் கணப்பில் ஒரு பொறி தெறித்தால் போதும், மேலே முழுக்கப் பற்றிவிடும். வெண்காரம் பூசலாம், ஒரே சலவையில் போய்விடும்! என்ன செய்வது? வில்லியம் ஹென்றி பெர்க்கின் இறங்கினார். 18 வயதில் ஊதாச் சாயம் கண்டுபிடித்துப் புகழ் பெற்ற பெர்க்கின் இல்லை, அவருடைய மகன். அப்பா பெயரும் அதே, மகன் பெயரும் அதே! துணியை ஈய உப்பில் நனைத்து, காயவைத்து, அம்மோனியம் சல்பேட்டில் நனைத்தார். நூலுக்குள்ளேயே ஈய ஆக்சைடு படிந்துவிட்டது. துவைத்தாலும் போகவில்லை! 1912-இல் நியூயார்க் வேதியியல் மாநாட்டில் இதைப்பற்றிப் பேசினார். அந்தக் காலத்தில் உலகுக்கு ஈயம் கொடுத்ததில் முன்னணியில் நின்றது யார்? மலாயா! எந்தப் பிள்ளையின் சட்டையில் ரவாங் ஈயம் இருந்ததோ, யார் கண்டது!

தீயே இல்லாத விளக்கு முதலில் எரிந்த ஊர்

இது நம் ஊர்ப் பெருமை, விடமாட்டேன்! மலாயாவில் மின்சாரக் கதை எங்கே தொடங்கியது தெரியுமா? கோலாலம்பூரிலா? பினாங்கிலா? இல்லை, ரவாங்கில்! 1894-இல், ஈயச் சுரங்கத்துக்காக மின் உற்பத்தி இயந்திரம் நிறுவியவர்கள் இருவர். ஒருவர் லோக் இயூ. இன்னொருவர் நம்மவர், கா. தம்புசாமிப் பிள்ளை! பத்துமலை முருகன் கோயில் எழக் காரணமான அதே தம்புசாமிப் பிள்ளைதான்! ஒரு பக்கம் வேல், ஒரு பக்கம் மின்சாரம்! மண்ணெண்ணெய் விளக்கு சாய்ந்தால் வீடு போகும் என்றிருந்த காலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம்!

எவ்வளவு பெரியது என்று தெரிய வேண்டுமா? 13 ஆண்டு பின்னே போவோம்.

1881 ஜனவரி 4. கோலாலம்பூரே எரிந்தது! அத்தாப்புக் கூரை, மரச்சுவர், ஒட்டி ஒட்டி வீடுகள். அபின் கடையில் ஓர் எண்ணெய் விளக்கு கவிழ்ந்ததில் தொடங்கியது என்பார்கள். ஊர் சாம்பல்! அது போதாதென்று அதே ஆண்டில் வெள்ளமும் வந்தது! பிறகு பிரிட்டிஷ் அதிகாரி ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் உத்தரவு போட்டார்: இனி செங்கல் சுவர், ஓட்டுக் கூரை! அத்தனை செங்கல்லுக்கு எங்கே போவது? ஊருக்குத் தெற்கே களிமண் நிலத்தில் சூளைகள் புகைந்தன. அந்த இடத்துக்கு என்ன பெயர் வந்தது தெரியுமா? பிரிக்ஃபீல்ட்ஸ்! செங்கல் வயல்! நாம் புடவை வாங்கவும் வாழை இலைச் சாப்பாட்டுக்கும் போகிற அதே பிரிக்ஃபீல்ட்ஸ், பிறந்ததே தீக்குப் பயந்து!

1883-இல் சிலாங்கூரில் தொண்டர் தீயணைப்புப் படையும் வந்துவிட்டது. தலைமை தாங்கியவர் பெல்லமி. இன்றைய பொம்பாவின் தொடக்கம் அதுதான். பொம்பா என்றால் என்ன? மலாய்ச் சொல் என்றுதானே நினைத்தீர்கள்? போர்த்துகீசியச் சொல்! பொருள்: பம்பு! 1511-இல் மலாக்காவைப் பிடித்தவர்கள் விட்டுப்போன மிச்சம், இன்றைக்கும் சைரன் அடித்துக்கொண்டு நம் தெருவில் ஓடுகிறது!

சுண்ணாம்பு மலையும் தீயும்

டெம்ப்ளர் பூங்கா பக்கம் புக்கிட் தாக்குன் நிமிர்ந்து நிற்கிறதே, சுண்ணாம்புக்கல்! 100 கிலோ சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுப் பாருங்கள், 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும்! தீயை அணைக்கும் அதே வாயு! ரவாங்கில் 1953-இலேயே சிமெண்டு ஆலை ஓடத் தொடங்கியது. சிமெண்டுச் சூளைக்குள் சூடு எவ்வளவு தெரியுமா? சுமார் 1,450 டிகிரி! அவ்வளவு சூட்டில் பிறந்த பொருள் வீட்டுத் தீக்கா பயப்படும்?

மூங்கில் ஏன் எரிவதில்லை?

ஹரிராயாவுக்கு முன் சாலையோரம் லெமாங் சுடுவார்களே, நின்று பார்த்திருக்கிறீர்களா? வரிசையாக மூங்கில், முன்னால் தழல். மணிக்கணக்கில்! மூங்கிலும் விறகுதானே, ஏன் கொழுந்துவிட்டு எரியவில்லை? பச்சை மூங்கிலின் ஈரம், உள்ளே வாழை இலை, அதற்குள் தேங்காய்ப்பாலில் வேகும் புளுட் அரிசி. வெப்பத்தை எல்லாம் பால் குடித்துவிடுகிறது, மூங்கிலுக்கு மிஞ்சுவது கரி பூசிய முகம் மட்டும்!

காகிதக் கப்பில் தண்ணீர் ஊற்றிச் சுடரில் பிடித்தால் காகிதம் எரியாது, தண்ணீர் கொதிக்கும். இதுவும் அதே வித்தைதான்! காகிதம் பற்ற 230 டிகிரிக்கு மேல் வேண்டும், தண்ணீரோ 100 டிகிரியைத் தாண்ட விடாது. மெழுகுவர்த்திச் சுடரின் உச்ச சூடு 1,400 டிகிரி வரை போகும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்!

வாழைச்சாறு பூசிய துணி

கல்யாண வீட்டு வாசலில் கட்டும் வாழை மரத்தை மூன்றாம் நாள் குப்பையில் போடுகிறோம். மும்பையில் உள்ள மத்திய பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் அதன் தண்டைப் பிழிந்தார்கள்! சாற்றைப் பருத்தித் துணியில் ஏற்றினார்கள். என்ன ஆயிற்று?

முதலில் ஒரு கணக்கு. ஒரு பொருள் எரிந்துகொண்டே இருக்கக் காற்றில் எத்தனை விழுக்காடு ஆக்சிஜன் வேண்டும் என்று அளப்பார்கள். நம்மைச் சுற்றியுள்ள காற்றில் 21 விழுக்காடு. பருத்திக்குச் சுமார் 18 போதும், அதனால்தான் அந்தப் பாய்ச்சல்! வாழைச்சாறு ஏறிய துணிக்கோ 30 தேவைப்பட்டது! சாதாரணக் காற்றில் அதற்கு மூச்சு முட்டுகிறது! அந்தச் சாறு துணியில் பிடிக்க முன்னதாக என்ன ஏற்றினார்கள் தெரியுமா? கடுக்காய் வகைத் துவர்ப்புச் சத்தும்... படிகாரமும்! எங்கே போனாலும் இந்தக் கல் முன்னால் வந்து நிற்கிறது.

கம்பளிக்குச் சுமார் 25 விழுக்காடு. எந்த மருந்தும் பூசாமலே! ஆட்டுக்கு இயற்கை கொடுத்த தீக்காப்பு. பாலியஸ்டர் உருகும், உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். தீபாவளிக்கு மத்தாப்பு பிடிக்கும் பிள்ளைக்கு என்ன உடை என்று இனி யோசிப்பீர்கள்தானே?

பாம்பு மாத்திரையும் வானளாவிய கட்டடமும்

சின்ன வயதில் பாம்பு மாத்திரை கொளுத்தியிருப்பீர்கள். பொட்டளவு மாத்திரை, முழநீளக் கரும்பாம்பு! சீனியும் சமையல் சோடாவும் கலந்து சூடாக்கினாலும் அதே பாம்பு நெளிந்து வரும். சோடா கொடுக்கும் வாயு, கரியை நுரையாக ஊதிவிடுகிறது. உயரமான கட்டடங்களின் எஃகுத் தூண்களில் பூசும் தீக்காப்புப் பெயிண்டும் இப்படித்தான்! சூடு பட்டதும் உப்பி உப்பி, பல மடங்கு தடித்து, கரி மெத்தையாகத் தூணைப் போர்த்திக்கொள்ளும்! எஃகுக்கு ஏன் போர்வை? 600 டிகிரியில் அதன் பலத்தில் பாதிக்கு மேல் போய்விடும்! ஆனால் தடித்த மர உத்தரம் நிமிடத்துக்கு அரை முதல் முக்கால் மில்லிமீட்டர்தான் கருகும். அரை மணி நேரம் எரிந்தாலும் உள்மரம் நிற்கும். மரம் இரும்பை ஜெயிக்கிறது!

சாம்பல் எரிய வைக்குமா?

சீனிக் கட்டியைத் தீக்குச்சியால் கொளுத்திப் பாருங்கள். உருகும், கருகும், பற்றாது! அதன்மேல் துளி விறகுச் சாம்பலைத் தடவிவிட்டுக் கொளுத்தினால்? நீலச் சுடரோடு எரியும்! எரிந்து முடிந்த சாம்பல், எரியாத சீனியை எரிய வைக்கிறது! எங்கள் வீட்டில் இதைக் காட்டியபோது என் அண்ணியே அடுப்பை விட்டு ஓடி வந்தார்.

சோடா வீரன், மாவு வில்லன்!

ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா முழுக்கச் சிதைந்தால் எவ்வளவு கரியமில வாயு வரும் தெரியுமா? சுமார் 2 லிட்டர்! சில தீயணைப்பான்களில் இருப்பதே இந்தப் பொடிதான். அப்படியானால் பக்கத்து டப்பாவில் இருக்கும் மாவும் வெள்ளைதானே, அதைக் கொட்டலாமா? ஐயோ, வேண்டாம்! காற்றில் பறக்கும் மாவு வெடிக்கும்! 1785-இல் இத்தாலியின் டூரின் நகரில் ஒரு ரொட்டிக்கடைக் கிடங்கு மாவுத் தூசியாலேயே வெடித்தது. 1878-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஒரு பெரிய மாவு ஆலை வெடித்து 18 பேர் இறந்தார்கள்! கோதுமை மாவு!

எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீரா? அதுவும் கூடாது! தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 மடங்கு விரியும். எண்ணெயின் அடியில் போய் விரிந்தால், எரியும் எண்ணெய் கூரை வரை தெறிக்கும். அடுப்பை அணைத்து, சட்டியை மூடி போட்டு மூடுங்கள், அவ்வளவுதான். பூரி சுடும் வீட்டில் சட்டிக்குப் பொருத்தமான மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

மருந்தே நஞ்சான கதை

அமெரிக்காவில் குழந்தைகளின் இரவு உடையில் டிரிஸ் என்ற தீக்காப்பு மருந்து ஏற்றினார்கள். தீ பிடிக்கவில்லை, மகிழ்ச்சி! பிறகு பார்த்தால் அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று ஆய்வு சொன்னது. 1977-இல் தடை! அதனால் சோதனையில் ஜெயித்த வெண்காரத்தைப் பிள்ளையின் சட்டைக்கும் தலையணைக்கும் பூசக் கிளம்பிவிடாதீர்கள். சோதனைத் துண்டோடு நிற்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதில் ஆச்சரியக்குறி இல்லை. 1991 மே 7 அன்று, நமக்குப் பக்கத்திலேயே சுங்கை பூலோவில் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்தது. 26 பேர் இறந்தார்கள், 100 பேருக்கு மேல் காயம். அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் அந்தப் பிற்பகலைச் சொல்வார்கள்.

உங்கள் பிள்ளையும் செய்ய வேண்டுமா?

செய்யட்டும்! நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு வேட்டித் துண்டாவது கருகட்டும்! ஆனால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் கூடாது. வீட்டுக்கு வெளியே, காற்று அடிக்காத இடத்தில், சிமெண்டுத் தரையில். துண்டு கையகலத்துக்கு மேல் வேண்டாம். பிடிக்க நீளமான உலோக இடுக்கி. முடியைக் கட்டி, தொளதொளச் சட்டையைக் கழற்றிவிட்டுப் பருத்திச் சட்டை. வெண்காரத்தைக் கரைக்கும் பாத்திரம் மறுபடி சமையலறைக்குத் திரும்பக்கூடாது. கலக்கும்போது கையுறை, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவல். வாளித் தண்ணீரை மறக்காதீர்கள். கைமீறினால் எண் 999.